திரையில் தோட்டப் பாட்டாளி

ஒரு சமூகத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் அச்சமூகத்தார் இயற்றிய நூல்களை மட்டும் ஆராய்ந்தால் போதாது. அவர்கள் கொட்டகையில் அமர்ந்து எக்காட்சியைக் கண்டு கண்ணீர் சொரிந்தனர், எக்காட்சியைக் கண்டு கைதட்டினர், எக்காட்சி காட்டப்படாமலே போனதைக் கவனியாதிருந்தனர் என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும். ஏடறியாதாரும் படக்காட்சி அறிவர். ஆதலின் படக்காட்சியும் சரித்திரத்திற்கு ஒரு சாட்சியேயாம்.

யாம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக ஊழியம் புரிந்து வருகின்றோம். எம் பாட்டனார் பால்மரம் வெட்டியவர். எம் தந்தையார் தண்டலாக இருந்தவர். ஆங்கிலப் பாடத்திலேயே பயின்ற எமக்குத் தமிழின் சுவையை முதலிற் காட்டியது புத்தகமன்று, படக்காட்சியே. இளமை முதல் பார்த்த படங்களும், பின்னர்த் தேடிப் பார்த்த பழைய படங்களும் பல. அவற்றுள் எல்லாம் யாம் தேடியது ஒன்றே. கடல் கடந்தும் மலை ஏறியும் கூலி வேலைக்குச் சென்ற தமிழனைத் திரை எவ்வாறு கண்டது? அவனுக்காக அழுதது போதுமா, அன்றி அவன் அழுததன் காரணத்தையும் கண்டதா? இக்கேள்வியைக் கையிற்கொண்டு ஐந்து படங்களைப் பற்றிய எம் அபிப்பிராயத்தை நேயர்கள் முன் வைக்கின்றோம். புகழ வேண்டியவிடத்துப் புகழ்ந்தும், ஏமாற்றம் அடைந்தவிடத்து அதனை மறையாதும் எழுதுவோம்.

தமிழ்த் திரை பேசத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில், 'காளிதாஸ்' என்ற படத்தோடு என்பது யாவரும் அறிந்ததே. அதே காலத்தில் மலாயாவில் நடந்தது என்ன? உலக வாணிப மந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்தது. வேலையற்ற தமிழ்த் தொழிலாளர் ஆயிரமாயிரமாகக் கப்பலேற்றப்பட்டு இந்தியாவிற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் அம்மக்கள் வெறுங்கையோடு இறங்கிய நாட்களில், திரையில் தேவர்களும் அரசர்களும் பாடிக்கொண்டிருந்தனர். முதற்சில ஆண்டுப் படங்களிற் பெரும்பாலானவை புராணக் கதைகளே. அவற்றிற் கூலிக்காரனுக்கு இடமில்லை.

அவனுக்கு முதன்முதல் இடம் தந்த படங்களுள் ஒன்று 1936இல் வெளிவந்த 'சதி லீலாவதி'. எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய கதையை, எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் படமாக்கினார். எம். கே. ராதா கதாநாயகர். எம். ஜி. இராமச்சந்திரன் ஒரு சிறு வேடத்தில் முதன்முதல் திரையில் தோன்றியதும் இதிலேதான். இப்படத்தின் பிரதி எஞ்சவில்லை. ஆதலின் யாமும் கதையை எழுத்தில் அறிந்தோமேயன்றிக் கண்ணாற் கண்டோமில்லை.

கதை இது: சென்னையிலே செல்வனாய் வாழ்ந்த ஒருவன் தீய நட்பால் குடிக்கு அடிமையாகிறான், கடன்படுகிறான், தான் ஒரு கொலை செய்துவிட்டதாய் எண்ணி இலங்கைக்கு ஓடுகிறான். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கூலியாகச் சேர்கிறான். 1936இலேயே தோட்டக் கூலியின் வாழ்வைத் தமிழ்நாட்டார் கண்முன் நிறுத்தத் துணிந்த படம் என்பதற்காகவும், மதுவின் கேட்டை உணர்த்தியதற்காகவும் இதனை மெய்யாகவே பாராட்டுகின்றோம்.

ஆயினும் பின்னே நிகழ்வது யாது? கூலியாய் உழைத்தவனுக்குப் புதையல் ஒன்று கிட்டுகிறது. அதனை அவன் தோட்ட முதலாளியிடம் ஒப்படைக்கிறான். அவனுடைய நேர்மையை மெச்சிய முதலாளி அவனைத் தம் மகனாகவே ஏற்றுக்கொள்கிறார். இங்கேதான் எமக்கு ஏமாற்றம். இலங்கைத் தோட்டங்களில் கூலியின் கழுத்தில் கிடந்த சுருக்கு கடன் அன்றோ? கப்பற் செலவும் வழிச் செலவும் அவன் பேரிலே பற்று எழுதப்பட்டன. அக்கடன் தொகை 'துண்டு' எனப்பட்ட சீட்டில் எழுதப்பெற்றது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்கு அவன் மாறும்போது அச்சீட்டும் உடன் மாறியது. கடனை ஏற்றவனே அவனுக்கு எசமானன். இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1921இல். அதன் பின்னும் கங்காணியின் பிடி தளர நெடுநாள் ஆயிற்று. இத்தகைய சுருக்கைப் புதையல் ஒன்று அறுத்துவிடும் என்றால், புதையல் காணாத மற்றை இலட்சக்கணக்கானோர் என் செய்வர்? நேர்மையுள்ளவனை முதலாளி மகனாக்கிக் கொள்வார் என்னும் போதனை, கூலியாகவே இருந்து மாண்டவரெல்லாம் நேர்மையற்றவர் என்று மறைமுகமாகச் சொல்வதாகாதா?

நிற்க. அடுத்து யாம் எடுத்துக்கொள்வது 1952ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த 'பராசக்தி'. மு. கருணாநிதியின் உரையாடல், கிருஷ்ணன்–பஞ்சுவின் இயக்கம், சிவாஜி கணேசனின் முதல் தோற்றம் என்ற மூன்றும் சேர்ந்து தமிழ்த் திரையின் போக்கையே மாற்றின. எம் தந்தையார் இப்படத்தின் நீதிமன்றக் காட்சியை மனப்பாடமாகச் சொல்வார். தோட்டத்துத் திருவிழா மேடைகளில் அதை ஒப்பித்து நடிக்காத இளைஞர் அரியர். எழுதப் படிக்க அறியாத தொழிலாளியும் அடுக்குமொழியில், தலை நிமிர்ந்து, நீதிபதியை நோக்கிக் கேள்வி கேட்கலாம் என்ற துணிவை ஊட்டியது அப்படம். கைம்பெண்ணின் அவலத்தையும், பூசாரியின் போலித்தனத்தையும், பஞ்சைகளின் பசியையும் அது மறைக்காமற் காட்டிற்று. இவ்வளவிற்கும் எம் நன்றி உரித்து.

ஆயினும் இப்படத்தில் அயல்நாட்டுத் தமிழன் எங்கே நிற்கிறான் என்று நோக்குமின். மூன்று அண்ணன்மார் இரங்கூனில் வாழ்கின்றனர்; தங்கை மதுரையில் இருக்கிறாள். தங்கையின் மணத்திற்காக ஓர் அண்ணன் மட்டும் கப்பலேறுகிறான். யுத்தம் குறுக்கிடுகிறது. கதை பெரும்பாலும் தமிழ்நாட்டிலேயே நடக்கின்றது. இரங்கூன் என்பது பணம் வருகிற இடம், அவ்வளவே. பர்மாவிலே தமிழர் என்ன செய்தனர், யாருக்கு உழைத்தனர், யாரிடம் வட்டி வாங்கினர், யாருக்கு வட்டி கொடுத்தனர் என்ற கேள்விகள் எழவே இல்லை. ஜப்பானியர் குண்டு பொழிந்த பின், 1942இல் இலட்சக்கணக்கான இந்தியர் காட்டு வழியே கால்நடையாய்ப் பர்மாவை விட்டு வெளியேறினர். வழியிலே பசியாலும் நோயாலும் மடிந்தவர் எண்ணற்றோர். இப்பெருந்துயர் படத்தில் ஓர் அண்ணன் இழந்த காலாக மட்டுமே குறுகிவிடுகிறது. கடல் கடந்தவனின் பணப்பை தாய்நாட்டார்க்குத் தெரிந்த அளவு அவனுடைய பாதம் தெரியவில்லை என்பதே எம் குறை.

இதே காலத்தில் மலாயாவில் நடந்ததையும் ஈண்டு நினைவூட்டுவோம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் என்பார் அதற்குத் தலைமை தாங்கியவருள் முதன்மையானவர். அவர் கைதாகி நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சுடப்பட்டு மாண்டனர். அவர்களின் கோரிக்கைகளுள் மூன்று எம் நெஞ்சில் என்றும் நிற்பன. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும் என்பது ஒன்று. கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது மற்றொன்று. துரைமாரையோ தோட்ட உத்தியோகஸ்தரையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது மூன்றாவது. அந்த உத்தியோகஸ்தருள் கிராணியும் ஒருவன் என்பதை யாம் எண்ணாமல் இருக்க முடியவில்லை. பின்னர் ஜப்பானியர் ஆட்சியில், சயாம்–பர்மா இருப்புப்பாதை போடப் பல்லாயிரம் தோட்டத் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர், பலர் திரும்பவில்லை. இவ்வளவு நிகழ்ந்த மண்ணைச் சென்னைப் படக்கம்பெனிகள் நெடுங்காலம் வசூலுக்குரிய ஊராகவே கண்டன.

மூன்றாவது, இயக்குநர் பாலா 2013இல் எடுத்த 'பரதேசி'. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்து, தொழிலாளருக்குச் சங்கம் காண உழைத்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' என்ற நாவலே இதற்கு மூலம். தமிழில் அது 'எரியும் பனிக்காடு' என வந்துள்ளது. படத்தின் உரையாடல் நாஞ்சில் நாடன் எழுதியது. 1939ஆம் ஆண்டில், பஞ்சத்தில் வாடும் ஒரு கிராமத்திற்குக் கங்காணி வருகிறான், இனிக்க இனிக்கப் பேசுகிறான், முன்பணம் தருகிறான். ஊரே மூட்டை கட்டி அவன் பின்னே நடக்கிறது. வழியில் விழுந்தவனை விட்டுவிட்டு நடக்கிறது.

இப்படத்தில் யாம் தலைவணங்கும் காட்சி கணக்கு முடிக்கும் காட்சி. ஆண்டுக்கணக்காய் உழைத்தவர்கள் கூலி வாங்க வரிசையில் நிற்கின்றனர். பெயர் கூப்பிடப்படுகிறது. முன்பணம் இவ்வளவு, கடைச் சாமானுக்கு இவ்வளவு, வைத்தியத்திற்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வருகின்றனர். நிற்பவன் கையில் ஒன்றுமில்லை. மேலும் கடன் நிற்கிறது. ஆகவே மறுபடியும் உழைக்க வேண்டும். சாட்டையைக் காட்டுவது எளிது. அச்சாட்டைக்குப் பின்னிருந்து ஆளைக் கட்டிவைத்த ஏட்டைக் காட்டியது இப்படமே. 'சதி லீலாவதி'யில் எமக்குக் கிட்டாதது எழுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் இதிலே கிட்டியது. சாக்குத்துணி போன்ற அம்மக்களின் உடைக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்த ஏட்டிற்கு ஒரு விருது தரலாம் என்று தோன்றிற்று.

இப்படத்தை யாம் பட்டணத்துக் கொட்டகையில் எம் பாட்டியாருடன் பார்த்தோம். அப்போது யாம் கிராணி வேலையிற் சேர்ந்து ஓராண்டு கூட ஆகவில்லை. இறுதிக் காட்சியில், எந்த நரகத்திலிருந்து தப்ப முடியாமல் நாயகன் குமுறுகிறானோ, அதே நரகத்திற்கு அவன் மனைவி குழந்தையுடன் புதிய கூலிகளோடு வந்து சேர்கிறாள். கொட்டகை முழுதும் தேம்பிற்று. பாட்டியார் அழவில்லை. வெளியே வந்ததும், "எல்லாரும் அழுவுறாங்க, அது சரி ராசா. அந்தக் கணக்கை எழுதினது யாரு?" என்றார். யாம் வாய் திறந்தோமில்லை. முப்பது ஆண்டு பால்வாளி சுமந்த அம்மூதாட்டி, எம்மைக் குத்திக்காட்டுவதற்காக அங்ஙனம் கேட்கவில்லை என்பதை அறிவோம். அவர் மெய்யாகவே அறிய விரும்பினார். ஆயினும் அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

இப்படத்தின் குறையையும் கூறியாக வேண்டும். மூல நூலாசிரியர் தாமே ஒரு கிறிஸ்தவ மருத்துவர், தொழிலாளருக்காக நின்றவர். படத்திலோ தோட்டத்திற்கு வரும் மருத்துவர் மதம் மாற்றவே வந்தவராய், ஆட்டமும் பாட்டுமாய்ச் சித்திரிக்கப்படுகிறார். நூலை எழுதிய கையையே நூலிலிருந்து எடுத்த படம் கேலி செய்யலாமோ? அன்றியும், எதிர்த்து நிற்கும் ஒரு குரலேனும் படத்தில் வலுவாய் எழவில்லை. துயரத்தைக் காட்டியவர் அத்துயரத்தை எதிர்த்துச் சங்கம் கூடியதையும் காட்டியிருப்பின், கண்ணீரோடு நிமிர்வும் பிறந்திருக்கும்.

அந்நிமிர்வைத் தர முனைந்தது பா. இரஞ்சித் இயக்கி 2016இல் வெளிவந்த 'கபாலி'. ரஜினிகாந்த் மலேசியத் தோட்டத் தமிழனாய் நடிக்கிறார் என்ற செய்தி பரவியபோது எம் தோட்டத்தில் உண்டான பரபரப்பை எழுத்தில் அடக்க இயலாது. சென்னைத் திரையின் மிகப்பெரிய நடிகர் நம் கதையைப் பேசப் போகிறார் என்று அனைவரும் மகிழ்ந்தனர். படத்தின் நடுவே, தோட்டத்து இளைஞனாகிய கபாலி சீனருக்கு நிகரான கூலி கேட்டுப் போராடும் பகுதி வருகிறது. கிள்ளான் தொழிலாளர் 1941இல் கேட்ட அதே கேள்வி, பெருந்திரையில், பெருங்கூட்டத்தின் முன் ஒலித்தபோது எம் மெய் சிலிர்த்தது. ஒடுக்கப்பட்டவன் கோட்டு அணிவதும் கால்மேல் கால் போட்டு அமர்வதும் வீண் பகட்டல்ல, அவனுக்கு மறுக்கப்பட்ட மரியாதையை எடுத்துக்கொள்வதே என்ற கருத்தும் போற்றத்தக்கது. சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவரின் பேரன் அப்படித்தான் அமர்வான்.

ஆனால் அப்பகுதி சில நிமிடங்களே. பின்னர்க் கதை துப்பாக்கியின் கைக்குப் போய்விடுகிறது. கூலி கேட்டவன் குண்டர் கூட்டத்தின் தலைவனாகிறான். கேள்வி மறைந்து பழிவாங்குதல் முன்னிற்கிறது. சதி லீலாவதியில் புதையல் செய்ததை இதிலே துப்பாக்கி செய்கிறது. இரண்டும் உழைப்பவனுடைய கையில் இல்லாத கருவிகள். நம் இளைஞர் பலர் குண்டர் கூட்டங்களில் வீழ்ந்து சிறையிலும் சுடுகாட்டிலும் முடிவதை நாடோறும் செய்தித்தாளில் வாசிக்கும் யாம், அக்கூட்டத் தலைவனை மெல்ல நடக்க வைத்து வாத்தியம் முழங்கப் பாராட்டும் காட்சிக்குக் கைதட்ட மனம் கொள்ளவில்லை. கதாநாயகன் பள்ளி நடத்துவதாய்க் காட்டியதனால் மட்டும் அக்குறை நீங்கிவிடாது.

குண்டர் கூட்டம் எங்ஙனம் பிறந்தது என்ற கேள்விக்கு விடை தந்த படம், கபாலிக்கு முந்திய ஆண்டே, 2015இல், இம்மண்ணிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. அதுவே சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்'. தீயவன் என்று பொருள்படும் மலாய்ச் சொல், நம் பிள்ளைகளின் நாவில் வழங்கும் வடிவிலேயே தலைப்பாய் நிற்கிறது. 1990களின் தொடக்கம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் பிழைப்புத் தேடி வெளியேறிய குடும்பங்கள் புறம்போக்கு நிலத்துக் குடிசைகளில் வாழ்கின்றன. அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். அவனைப் படிக்க வைத்தே தீர்வதென்று அடிக்கும் தந்தை. குண்டர் கூட்டத்தில் இருக்கும் ஒரு சிற்றப்பன். போதைப் பழக்கத்திலிருந்து மீள முயலும் மற்றொருவன். இதில் பெரிய நடிகரில்லை, வெளிநாட்டு நடனமில்லை. 28ஆம் மலேசியத் திரைப்பட விழாவில் இது விருது பெற்றது. எனினும் கபாலிக்குக் கூடிய கூட்டத்தில் நூறில் ஒரு பங்கு இதற்குக் கூடியிருக்குமா என்பது ஐயமே.

யாம் புகழ்வது இதனையே. அத்தந்தை கொடியவனல்லன். படிப்பு ஒன்றே வழி என்று அவன் அறிவான்; அவ்வழியைப் பிரம்பாலன்றி வேறெதனாலும் காட்ட அறியான். தோட்டம் அவனுக்குக் கற்பித்த முறை அதுவே. அன்பு கிடைக்காத சிறுவனுக்குச் சிற்றப்பனின் கூட்டம் மரியாதையாய்த் தோன்றுகிறது. இங்ஙனம் ஒரு பிள்ளை படிப்படியாய்க் கைநழுவுவதைப் படம் கூச்சலின்றிக் காட்டுகிறது. வில்லன் ஒருவனைக் கொன்றுவிட்டால் தீர்ந்துவிடும் துன்பமன்று இது. ஒரு தொழில் முடிந்தபோது அதனை நம்பியிருந்த சனங்களைக் கேட்பாரற்று விட்டதன் விளைவு. குறை ஒன்று கூறுவதாயின், பெண்டிரின் நிலை இதில் இன்னும் ஆழமாய் வந்திருக்கலாம். பால்மரத்தடியில் ஆணுக்குச் சமமாய் உழைத்த பெண்ணை எந்தப் படமும் இன்னும் முழுமையாய்க் கண்டதில்லை என்பது எம் துணிபு.

இவ்வைந்து படங்களையும் ஒருங்கு வைத்து நோக்குங்கால் ஓருண்மை புலப்படும். அழவைத்தல் கலைக்கு எளிது. பழிவாங்க வைத்தல் அதனினும் எளிது. ஒரு மனிதன் எந்தக் கணக்கினால் கட்டுண்டான் என்று காட்டுதலே அரிது. அதைக் காட்டிய படம் பார்ப்பவனைத் தன்னையே கேள்வி கேட்கச் செய்கிறது.

எம்மை அது இன்றும் கேள்வி கேட்கிறது. எம் தோட்டத்தில் இன்று தமிழ்த் தொழிலாளர் சிலரே. லயத்து வீடுகளில் வாழ்வோர் இந்தோனேசியரும் பங்காளதேசத்தாருமே. எம் பாட்டனார் நின்ற பெரட்டில் இன்று அவர்கள் நிற்கின்றனர். தரகனுக்குக் கொடுக்க நிலத்தை அடகு வைத்து வந்தோம் என்று அவருட் சிலர் எம்மிடம் சொல்லியதுண்டு. அவர்களைப் பற்றி நம்மவர் ஏளனமாய்ப் பேசுவதும் எம் காதில் விழாமலில்லை. சென்ற மாதம் பங்காளதேசத்து இளைஞன் ஒருவன் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து, ஒரு பிடித்தத்தைச் சுட்டி, அரைகுறை மலாயில் இஃது என்னவென்று கேட்டான். அன்று வேலை மிகுதி. பின்னர் வா என்று சொல்ல வாயெடுத்தோம். பாட்டியாரின் கேள்வி நினைவிற்கு வந்தது. அவனை அமரச் செய்து வரி வரியாய் விளக்கினோம். ஒரு வரியிற் பிழை இருந்தது. அஃது எம் கைப்பிழையே. திருத்திக் கொடுத்தோம்.

இளைஞர்களே, படம் பார்க்க வேண்டாமென்று யாம் சொல்லவில்லை; நன்றாய்ப் பாருங்கள். நம் துயரை விற்றுக் காசாக்கும் படத்தையும், நம் துயரின் வேரைக் காட்டும் படத்தையும் பகுத்தறிந்து பாருங்கள். பின்னதை இவ்வூர்க் கலைஞர் எடுக்கும்போது, நடிகர் யாரென்று கேளாமல் சீட்டு வாங்கி ஆதரியுங்கள். வீட்டிலே முன்னாள் தோட்டத் தொழிலாளர் உயிரோடிருப்பின், அவரையும் அழைத்துச் செல்லுங்கள். படம் முடிந்தபின் அவர் கேட்கும் கேள்விக்குச் செவி கொடுங்கள்.